ஹாலுக்குள் இரண்டேகால் டன் கடல்

அண்ணன் வளர்த்த பவளம் கண்ணாடியைத் தொட்ட அன்றுதான் இந்தக் கதை தொடங்கியது.

ஈப்போவில் எங்கள் வீட்டு ஹாலில் மூன்றடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் கட்டைவிரல் அளவில், இரண்டே தலைகளோடு ஒரு பவளத் துண்டை அண்ணன் அதில் கொண்டுவந்து வைத்தார். கடலில் பிடுங்கியது இல்லை, பண்ணையில் வளர்த்து வெட்டியது. அதற்கான காகிதத்தைக் கடைக்காரரிடம் கேட்டு, இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகுதான் துண்டைக் கையில் வாங்கினார். ஒவ்வொரு தலையிலிருந்தும் விரல் விரலாக நீளும். நுனிகள் சுத்தியல் போல வளைந்திருக்கும். அதனால் வீட்டில் அதற்குச் சுத்தியல் என்றே பெயர். இரண்டு தலை நான்காகி, நான்கு பத்தாகி, இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, இளம்பச்சை நிறத்தில், எப்போதும் காற்று வீசுகிற வயல் மாதிரி அசைந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் கண்ணாடியை உரசியது. மறுபக்கம், பக்கத்திலிருந்த இன்னொரு பவளத்தைக் கொட்டிக் கொட்டி வெளுக்கவைத்துவிட்டது.

"இதுக்கு வீடு பத்தலடா" என்றார் அண்ணன்.

அம்மாவுக்குப் பவளம் என்றால் செவ்வாய்க்கு மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல். ஊரில் எல்லாரும் விரலில் போடுவதைத் தன் பெரிய மகன் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் மாலை ஆனதும் அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவதும் அவர்தான்.

எங்கள் அம்மாவும் அப்பாவும் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். அந்தத் தோட்டம் இப்போது செம்பனை. அப்பா இறந்த வருடம் அண்ணன் பள்ளியில் படிவம் மூன்றோடு நின்றுகொண்டார். நான் நிற்கவில்லை. காம்பாரில் கட்டடப் பொறியியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள். படிப்பு முடிந்து அங்கேயே ஒரு கட்டடக் குத்தகையாளரின் அலுவலகத்தில் சேர்ந்து, வாடகை அறையில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஈப்போவுக்கு வந்துவிடுவேன். அண்ணன் சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு மார்பிள் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறார். மலையிலிருந்து வெட்டி வரும் பாறையைத் தூக்கி, அறுக்கிற இயந்திரத்தின் மேல் சத்தமில்லாமல் வைக்கிற வேலை.

புதுத் தொட்டிக்கு அவர் திட்டம் போட்ட விதத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நானாக இருந்தால் கணினியில் ஒரு படம் வரைந்திருப்பேன். அவர் கடையில் ஒட்டுத்தாள் வாங்கிவந்து, ஹால் தரையில் எட்டடிக்கு இரண்டரை அடி என்று ஒரு கட்டம் ஒட்டினார். ஒரு மாதத்துக்கு யாரும் அந்தக் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அங்கே தொட்டி ஏற்கெனவே இருப்பதாக நினைத்துக்கொண்டு எல்லாரும் சுற்றி நடக்க வேண்டும். துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அண்ணியின் இடுப்பு எங்கே இடிக்கும், அம்மா ராத்திரி எழுந்தால் எந்த மூலையில் தடுக்கும் என்றெல்லாம் ஒரு மாதம் பார்த்தார். பிறகு கட்டத்தைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் நகர்த்தி ஒட்டினார். எதற்கு என்று கேட்டேன்.

"பின்னாடி ஆளு போகணும்டா. அழக அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல கை எட்டுமா எட்டாதான்னு பாக்கணும்."

எல்லாத் திட்டத்துக்கும் அந்தக் கையே அளவுகோல். தொட்டியின் உயரத்தைக் கூட அவர் புத்தகத்தில் பார்த்து முடிவு செய்யவில்லை. ஒரு முக்காலியில் ஏறி, அக்குளிலிருந்து விரல் நுனி வரை தன் கையை அளந்தார். பிறகு சமையலறையிலிருந்து அண்ணியைக் கூப்பிட்டு அவர் கையையும் அளந்தார். அண்ணியின் கை மூன்று அங்குலம் குறைவு. அண்ணன் பென்சிலை எடுத்து, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இரண்டடி என்று எழுதினார்.

அண்ணி அதை எட்டிப் பார்த்தார். "அப்ப கழுவப் போறது நான்தான்னு முடிவு பண்ணியாச்சு."

"நான் வேலைக்குப் போயிருக்கும்போது ஒரு மீன் செத்து அடியில கெடந்தா? நீ எடுக்கணும்ல."

"எடுப்பேன் எடுப்பேன். உங்க சுத்தியல் என்னைக் கொட்டுச்சுன்னா அன்னைக்கு வீட்டுல சோறு கெடையாது."

அந்தத் தாளில் இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர் வீட்டுக்கு வெளியே, கார் நிறுத்துகிற இடத்தில். உள்ளே வைத்தால் அது கக்குகிற வெப்பம் அம்மா உட்காருகிற நாற்காலிக்கு வரும். மின்சாரத்துக்கு இரண்டு தனித்தனி இணைப்பு. ஒன்று போனாலும் தண்ணீர் ஓட்டம் நிற்கக் கூடாது. ஈப்போவில் மத்தியானம் இடி இடித்தால் கரண்டு போவது வழக்கம் என்பதால் பேட்டரியில் ஓடுகிற ஒரு காற்றுப் பம்பு. கீழே, வடிகட்டுகிற தொட்டியில், ஓட்டம் நின்றால் மேலேயிருந்து பின்வாங்கி வழியும் தண்ணீர் முழுதும் கொள்ள எவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும் என்று ஒரு கோடு. கெட்டுப்போகக் கூடிய ஒவ்வொன்றையும் கெட்டுப்போனதாகவே வைத்து யோசித்திருந்தார். எங்கள் அலுவலகத்தில் முத்திரை குத்திய வரைபடங்களில் கூட நான் அவ்வளவு கவலையைப் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் அவர் எழுதாமல் விட்டிருந்தார். அதை என்னிடம் கேட்பதற்காக வைத்திருந்தார்.

"தர தாங்குமா, தம்பி?"

எங்கள் தாமான் குடியிருப்பு முழுதும் பழைய ஈயச் சுரங்கத்து நிலம். சுரங்கத்தை மூடி, மணலையும் சேற்றையும் நிரவி, மேலே வரிசை வீடு கட்டினார்கள். எங்கள் சமையலறை மூலையில் இருபது காசு நாணயம் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் உண்டு. நான் கைத்தொலைபேசியை எடுத்தேன். தண்ணீர், கண்ணாடி, பாறை, மணல், கீழ்த்தொட்டி, இரும்புச் சட்டம். கூட்டினால் இரண்டேகால் டன். வீட்டுத் தரைக்கு நாங்கள் கணக்கில் எடுக்கிற சுமையைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. அந்த எட்டு மடங்கைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தது, எனக்கே தெரிந்தது.

"தாங்காதுண்ணே" என்றேன்.

அம்மா உடனே, படிச்சவன் சொல்லிட்டான், விட்டுரு என்றார். எங்கள் வீட்டில் எதுவும் அந்த வார்த்தையோடு முடிந்துவிடும். எந்த மருந்து, எந்தக் கடன், எந்தப் பள்ளிக்கூடம் என்று எது வந்தாலும் படிச்சவன் என்ன சொல்கிறான் என்று கேட்பார்கள், நான் சொல்வேன், அதற்கு மேல் பேச்சு இருக்காது. அண்ணனும் ஒருநாள் கூட மறுத்துப் பேசியதில்லை. அன்றைக்கும் மறுக்கவில்லை. தரையில் ஒட்டியிருந்த கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்.

"தாங்காதுன்னு தெரியுமா, இல்ல தாங்குமான்னு தெரியாதா?"

அந்த எட்டு மடங்கு மாடித் தரைக்கு எழுதிய கணக்கு. மண்ணின் மேலேயே கிடக்கிற தரைக்கு அது பொருந்தாது. அங்கே கேள்வி அடியில் இருக்கும் மண்ணைப் பற்றியது. அது எனக்குத் தெரிந்திருந்தும் நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு அடியில் என்ன மண் என்றும் எனக்குத் தெரியாது.

"தெரியாதுண்ணே."

"அப்ப கேட்டுப் பாப்போம்."

"யார்கிட்ட?"

"தரகிட்டதான்."

அடுத்த சனிக்கிழமை வீட்டு வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. தொழிற்சாலையில் விரிசல் விழுந்து கழித்துப்போட்ட மார்பிள் கற்களை முதலாளியிடம் கேட்டு, ஓரடிக்கு ஓரடிக்கு ஓரடி என்று கனசதுரமாக அறுத்து, முப்பது கற்களைக் கொண்டுவந்திருந்தார். ஒரு கல் எவ்வளவு கனம் என்று கேட்டேன். எழுபத்தஞ்சு இருக்கும் என்றார். நான் கணக்குப் போட்டேன். எழுபத்தாறு.

தரை ஓட்டின் மேல் ரப்பர் விரிப்பு, அதன் மேல் பலகை, அதன் மேல் கல். கோட்டுக்குள் கச்சிதமாக, கீழ் வரிசையில் பதினாறு, மேல் வரிசையில் பதினான்கு. எல்லாம் முடிந்த பிறகு லோரியில் மிச்சமிருந்த ஒரு சின்னக் கல்லையும் எடுத்துவந்து உச்சியில் நடுவாக வைத்தார். கூம்பிய தலையோடு, ஒரு பூனை உட்கார்ந்திருப்பது மாதிரி இருந்தது. இது எதற்கு என்றேன்.

"மீனோட எட" என்றார், சிரிக்காமல்.

எதிர்வீட்டு மலாய்க்காரர் வேலியோரம் வந்து, வீட்டுக்குள்ளேயே கோயில் கட்டுகிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தார்.

"எத்தன நாளைக்கி இது? நான் இது மேல உக்காந்துதான் டீவி பாக்கணுமா?"

"உக்காராத. கணக்கு தப்பாயிரும்."

சோபாவிலிருந்த தலையணை பறந்து வந்தது.

தரை இறங்குகிறதா என்று பார்க்க என்னிடம் அலுவலகத்துக் கருவியைக் கொண்டுவரச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் உள்ளே தெரிகிற ஒரு நீண்ட பிளாஸ்டிக் டியூப்பை எடுத்து, தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வாசல் தூணிலும் மறுமுனையைக் கற்களின் ஓரத்திலும் கட்டி, இரண்டு இடத்திலும் தண்ணீர் மட்டத்தில் ஒரு பென்சில் கோடு போட்டார். தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். தூண் ஆழமான அடித்தளத்தின் மேல் நிற்கிறது, அசையாது. கற்கள் இறங்கினால் அவற்றில் போட்ட கோடும் இறங்கும், தண்ணீர் காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு ஞாயிறும் பசியாறிய பிறகு படித்து எழுதுகிற வேலை எனக்கு. இரண்டு ஓரத்திலும் அளந்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன்.

முதல் வாரம் இடது ஓரம் மூன்று மில்லிமீட்டர் இறங்கியது. வலது ஓரம் ஒன்று. அடுத்த வாரம் இடது நாலரை. அப்புறம் ஐந்தரை. ஆறு. அதற்கடுத்த வாரமும் ஆறு, அதற்கும் அடுத்த வாரமும் ஆறு. வலது ஓரம் இரண்டோடு நின்றுவிட்டது.

ஐந்தாவது வாரம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தளர்ந்த மண்ணில் கட்டுவதற்கு முன் அதே எடையை முன்கூட்டியே ஏற்றி வைத்து, இறங்க வேண்டியதை இறங்கவிட்டு, பிறகு கட்டுவது. இது என் பாடப்புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். என் சொந்த வீட்டு ஹாலில் நின்றுகொண்டு அது ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை. அண்ணனுக்கு அந்த அத்தியாயம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். தொழிற்சாலையில் புது மண் கொட்டிய இடத்தில் முதலில் பாறைகளை அடுக்கி வைப்பார்களாம். ஆரம்பத்தில் இறங்கும், பிறகு நின்றுவிடும். நின்ற இடத்தில்தான் இயந்திரத்தை வைப்பார்களாம். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்டா" என்றார். 

எட்டாவது வாரம் வந்தது. மறுநாள் திங்கட்கிழமை கண்ணாடி வெட்டப் போகிறார்கள். தொட்டி செய்கிறவர் ஒரு சீனர், அண்ணனைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் தமிழர்கள் எல்லாரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். எட்டடிக் கண்ணாடியை ஒருமுறை வெட்டிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது, நன்றாக யோசித்துக்கொள் அண்ணே என்று மலாயில் ஏற்கெனவே எச்சரித்திருந்தார்.

நான் காலையில் வந்தபோது, உச்சியிலிருந்த மீன் கல்லின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. கற்களைச் சுற்றி ஒரு மஞ்சள் கயிறு. காலடியில் ஒரு எலுமிச்சம்பழம். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜுக்கும் பொட்டு உண்டு, அண்ணனின் மோட்டார் சைக்கிளுக்கும் உண்டு. வெள்ளிக்கிழமை அண்ணி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, பசியாறுவதற்கு முன்பே குனிந்து டியூப்பைப் படித்தேன்.

இடது ஓரம் பதினேழு மில்லிமீட்டர்.

மறுபடி படித்தேன். பதினேழு. ஒரே வாரத்தில் பதினொன்று. அடியில் சேறு உடைந்து விலகியிருக்க வேண்டும் என்று தோன்றியது. சுரங்க நிலத்தில் அப்படித் திடீரென்று பள்ளம் விழுந்த செய்திகளை நான் பார்த்திருக்கிறேன். 

"அண்ணே, போதும். கல்ல எறக்கிரலாம். எட தாங்கல."

இந்த முறை அவர் தெரியுமா என்று கேட்கவில்லை. எண்ணை நோட்டில் ஒருமுறை பார்த்தார். தொலைபேசியை எடுத்து, கண்ணாடி வெட்ட வேண்டாம், அப்புறம் சொல்கிறேன் என்று மலாயில் இரண்டே வரி பேசினார். பிறகு சின்னத் தொட்டியின் மூடியைத் திறந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, சுத்தியல் உரசுகிற இடத்தில் கண்ணாடியைத் துடைத்தார். அங்கே அழுக்கு ஒன்றும் இல்லை.

"பாதிய வெட்டிக் குடுத்துரலாம்" என்றார் கடைசியில். "ரெண்டு வீட்டுல இருக்கட்டும். செத்தா போயிரப் போவுது."

அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றார். நாலு வருடம் அந்த மனிதர் கையில் தண்ணீர் சோதிக்கிற குப்பியை வைத்துக்கொண்டு சொட்டு எண்ணியதை அவரும்தான் பார்த்திருக்கிறார்.  எனக்கு வைத்த தோசை ஆறிக்கொண்டிருந்தது. முதல் நாள் நான் தாங்காது என்று சொன்னது சரியாகப் போய்விட்டது. என் வாழ்க்கையில் என் பேச்சு சரியானதற்காக அவ்வளவு வருந்தியதில்லை.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கற்களிடம் வந்தார். ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்து தரை ஓட்டின் இடுக்குகளை விரலால் தடவினார். ஒரு இடுக்கும் விரியவில்லை. நிமிர்ந்து மீன் கல்லைப் பார்த்தார்.

"இந்தப் பொட்ட யாரு வச்சது?"

"நான் இல்லீங்க" என்றார் அண்ணி. "நான் நீங்கதான்னு நெனச்சேன்."

மூன்று பேரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா முந்தானையைச் சரிசெய்தார். நேற்று பாகான் டத்தோவிலிருந்து அத்தை வந்திருந்தாராம், எங்கள் அப்பாவின் தங்கை. ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், அண்ணனும் அண்ணியும் வீட்டில் இல்லாதபோது எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மா தேநீர் கலக்க உள்ளே போயிருந்த நேரம் எல்லாம் நடந்துவிட்டது. வெளியே வந்து பார்த்தால் அத்தை செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாராம்.

"கும்புட்டவள எப்புடிடா நிறுத்தச் சொல்றது?"

"சரிம்மா. இந்த டியூப்ப யாரு தொட்டது?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். கயிறு கட்ட இடைஞ்சலாக இருந்ததால் அத்தை அதை அவிழ்த்துக் கீழே போட்டாராம். தண்ணீர் கொஞ்சம் கொட்டிவிட்டதாம். "நான்தான் அப்புறமா கொழாத் தண்ணி புடிச்சு ஊத்தி, இருந்த மாதிரியே கட்டிட்டேன்லா" என்றார், ஒரு நல்ல காரியம் செய்தவர் போல.

அண்ணன் டியூப்பை மெல்ல அவிழ்த்து, வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். வளைவுக்கு மேலே, சுண்டுவிரல் நுனி நீளத்துக்கு ஒரு காற்றுக் குமிழ் குழாயை அடைத்துக்கொண்டு நின்றது. தண்ணீருக்கு நடுவில் காற்று இருந்தால் இரண்டு பக்கமும் மட்டம் ஒத்துவராது. இதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

முனையைத் தாழ்த்திப் பிடித்துத் தண்ணீரை ஓடவிட்டோம். குமிழ் நகர்ந்து, நகர்ந்து, வெளியேறியது. மறுபடி கட்டினோம். படிக்கச் சொல்லி என்னைத்தான் பார்த்தார். நான் முட்டி போட்டு, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுவந்து, மூன்று முறை படித்தேன்.

"ஆறு. போன வாரமும் ஆறு."

அண்ணி உள்ளே போய் என் தோசையைச் சூடு பண்ணத் தொடங்கினார். அண்ணன் தொலைபேசியை எடுத்தார். அந்தப் பக்கம் சீனர் சிரித்தது எங்களுக்கே கேட்டது.

அன்றே அத்தைக்கும் தொலைபேசி போட்டோம். ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தார் அண்ணன். அத்தை அசரவில்லை.

"வெள்ளக் கல்லு, கெழக்க பாத்து இருக்கு. நடுவுல ஒண்ணு தலய நீட்டிக்கிட்டு இருக்கு. நீங்க முனீஸ்வரன ஏத்தி வச்சிட்டு சொந்தக்காரங்களுக்கு சொல்லாம இருக்கீங்கன்னுல நெனச்சேன்."

"டியூப்பு எதுக்குன்னு நெனச்சீங்க அத்த?"

"அபிஷேகத்துக்கு."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். அத்தை தன் சின்ன மகளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று அந்தக் கல்லிடம் வேண்டிக்கொண்டாராம். அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. தொலைபேசியை வைத்த பிறகு அம்மா திட்டமாகச் சொன்னார். பொட்டு வைத்துக் கும்பிட்ட கல், அதன் மேல் ஒரு பெண்பிள்ளையின் வேண்டுதல் இருக்கிறது, அதைத் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பிக் குப்பையில் போட விடமாட்டேன். கல் இருக்கிற இடத்தில் தொட்டி எப்படி வரும் என்று கேட்டேன். படிச்சவன் நீ சொல்லு என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

அண்ணன் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் கிண்டல் செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை.

"சாமிக்கு வச்சத வீட்டுல வச்சுக்க முடியலன்னா என்னம்மா செய்வோம்?"

"தண்ணியில விடுவோம்."

"எந்தத் தண்ணியில?"

"ஆத்துல விடலாம். கடல்னா இன்னும் நல்லது." சொல்லிவிட்டு அம்மா தரையில் ஒட்டியிருந்த கோட்டைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். "உப்பு சரியா இருக்குமாடா?"

"லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம்மா. அசல் கடல்லயும் அவ்வளவுதான்."

"மத்தக் கல்லு?"

"நீங்க சொல்லுங்க."

பொட்டு வைத்தது ஒன்றுக்குத்தான், மற்றது போகலாம் என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். பிரச்சினை அங்கேயே முடிந்தது. அம்மாவை ஏமாற்றுவதற்காக அண்ணன் அப்படிச் சொன்னார் என்று யாராவது நினைத்தால் அது தவறு. அவர் உண்மையாகவே அந்தக் கல்லுக்குத் தொட்டிக்குள் இடம் பார்த்தார். மார்பிள் கடல் நீரைக் கெடுக்காது, ஆனால் குங்குமச் சாயம் கெடுக்கும். தூரிகையால் தேய்த்து, தனி வாளியில் ஊறப்போட்டு, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றி, கடைசியில் அந்த வாளியிலேயே உப்புத் தண்ணீர் ஊற்றி இரண்டு நத்தைகளை விட்டார். பத்து நாள் கழித்தும் அவை ஊர்ந்துகொண்டிருந்தன. நாள்காட்டித் தாளில், தொட்டியின் நடுவில், சுத்தியல் என்று எழுதியிருந்த வட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணம் வரைந்தார்.

பத்தாவது வாரம் கற்கள் லோரியில் திரும்பிப் போயின. இரும்புச் சட்டம் வந்தது. சீனர் தன் மட்டப்பலகையை வைத்துப் பார்ப்பதற்கு முன்பே, இடது பக்கக் கால்களுக்கு நாலு மில்லிமீட்டர் தகடு வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். ஆறிலிருந்து இரண்டு போனால் நாலு. அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, யார் அளந்தது என்று அண்ணனிடம் கேட்டார்.

"எங்க வீட்டு எஞ்சினியர்" என்றார் அண்ணன்.

தகடு வைத்த பிறகு மட்டப்பலகையின் குமிழ் நடுவில் வந்து நின்றது. அந்தக் குமிழை மட்டும் எனக்கு அன்று பிடித்திருந்தது.

தண்ணீர் நிரப்பி, உப்புக் கலந்து, பாறைகளை அடுக்கி, தொட்டி பக்குவப்பட இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருந்தார் அண்ணன். அவ்வளவு நாளும் காலியான தண்ணீரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ஞாயிறு, அண்ணன் மீன் கல்லின் மேல் சுத்தியலைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு விரல் கூட முறியவில்லை. பாறையைத் தூக்கி வைக்கிற அதே கை. மூன்று நாள் அது ஒரு தலையையும் திறக்கவில்லை. நான் காம்பாரிலிருந்து தினமும் கேட்டேன். நாலாம் நாள் மத்தியானம் அண்ணியிடமிருந்து படம் வந்தது. எல்லாத் தலையும் விரிந்து, நாலு பக்கமும் கண்ணாடி எட்டாத தூரத்தில், நடு நீரில் ஆடிக்கொண்டிருந்தது. முதலில் பார்த்தது தான்தான் என்று கீழே எழுதியிருந்தார்.

அத்தை போன மாதம் வந்தார். மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. கல் எங்கே என்று கேட்டார். அம்மா பச்சை விரல்களுக்குக் கீழே வெள்ளையாகத் தெரிந்ததைக் காட்டினார். அத்தை வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

வாசல் தூணில் அந்தப் பென்சில் கோடு இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் டியூப்பை எடுத்து, முதலில் வெளிச்சத்தில் பிடித்து முழு நீளத்துக்கும் குமிழ் தேடிவிட்டு, சட்டத்தின் இரண்டு ஓரத்திலும் படிக்கிறேன். போன வாரம் படித்து முடித்தபோது அண்ணன் தோள் வரை கையைத் தொட்டிக்குள் விட்டு ஏதோ ஒரு நத்தையை நிமிர்த்திக்கொண்டிருந்தார். திரும்பாமலே கேட்டார்.

"எறங்கிருக்கா?"

"இல்லண்ணே."

"எறங்கலன்னு தெரியுமா, இல்ல தெரியாதா?"

"தெரியும்ணே" என்றேன்.

சரி என்று தலையசைத்துவிட்டு, இன்னொரு நத்தையைத் தேடிக் கையை நகர்த்தினார்.